எல்லையூருக்குப் போன டிரங்க் கால்

வடகொரியாவிடம் அணுகுண்டு இருப்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தொலைக்காட்சியில் அவர்களுடைய ஏவுகணை புகை கக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம், சத்தத்தைக் கூட்டு என்று எங்கள் வீட்டில் சொல்பவள் நான்தான். மலேசியாவில், ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அங்கே என்ன அக்கறை என்று என் மருமகன் சிரித்துக்கொண்டே கேட்பார். எனக்கு அக்கறை உண்டு. அந்த நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், பீரங்கி எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரோடு ஒருமுறை பேசியிருக்கிறேன். அங்கே போர் வந்துவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த வாரத்தில் பேசினேன்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு. ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் பக்கம் மலையை வெட்டிப் புதிய நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பகுதியைத் தென்கொரிய நிறுவனம் ஒன்று எடுத்திருந்தது. அந்தச் சைட் ஆபீசில் நான் தொலைபேசி ஆபரேட்டர். பலகையால் கட்டித் தகரம் வேய்ந்த ஆபீஸ். உள்ளே பல மேசைகளில் தொலைபேசி இருந்தாலும் வெளியே போவதற்கு இருந்தது ஒரே லைன்தான். அந்த லைன் யாருக்கு என்பதை முடிவு செய்யும் சுவிட்ச்போர்டு என் கையில் இருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் பயப்பட மாட்டேன்.

நாங்கள் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார். அதுவரை பால்மரம் வெட்டியவர், அதற்குப் பிறகு கான்கிரீட் வேலைக்குப் போனார். சில வருடங்களில் அதிலும் கை தேர்ந்து, இந்தக் கொரியர் சைட்டில் கான்கிரீட் கும்பலுக்கே மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் தலைவராக ஆகிவிட்டார். நான் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஈப்போ தொலைபேசி நிலையத்தில் தற்காலிக ஆபரேட்டராக இருந்தேன். அந்த வேலை முடிந்தபோது, அப்பாதான் தன் கொரிய போர்மனிடம் என்னைப் பற்றிச் சொல்லி இந்த இடத்தில் சேர்த்துவிட்டார்.

அந்தப் போர்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான, கெட்டியான உடம்பு. அப்பாவும் அவரும் பேசிக்கொள்வது அரைகுறை மலாயில். எங்கள் ஆட்கள் அப்பாவை ‘அண்ணே’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் ‘அண்ணே’ என்றே கூப்பிடுவார். அது அப்பாவின் பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தாராம். சியோலிலிருந்து வரும் அழைப்புகளை நான் எடுக்க வேண்டியிருந்ததால், தொலைபேசியில் பேசுவதற்கான கொரியச் சொற்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தார். ‘யொபொசெயோ’ என்றால் ஹலோ. ‘சம்க்கன்மன்யோ’ என்றால் கொஞ்சம் பொறுங்கள். நான் தப்பாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் சரியாக வரும்வரை விடமாட்டார்.

அவருடைய ஊர் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. மகன் ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்தான். அதுவும் அதே எல்லையில்தான். அந்தக் கம்பி வேலிக்கு அப்பால் இருந்த நாட்டைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அவர் பிறந்ததே அந்தப் பக்கம்தான் என்றும், சின்ன வயதில் போர் வந்தபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வந்தவர் என்றும், கூடப் பிறந்த அக்கா ஒருத்தி அங்கேயே தங்கிவிட்டாள் என்றும் அப்பாதான் எனக்குச் சொன்னார். கடிதம் போக முடியாது. தொலைபேசி கிடையாது. அக்கா உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாது. வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஆளின் சொல்லுக்கு ஆடிக்கொண்டிருந்த நாடு அது.

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரங்கூனில் குண்டு வெடித்தது. தென்கொரிய அதிபர் அங்கே விருந்தாளியாகப் போயிருந்தார். அவர் தப்பித்துக்கொண்டார். அவரோடு போன அமைச்சர்கள் பலர் இறந்துபோனார்கள். வடக்குத்தான் செய்தது என்று உடனே பேச்சு வந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு கொரியப் பயணிகள் விமானத்தை ரஷ்யர்கள் சுட்டு வீழ்த்தியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், இந்தத் தடவை சண்டை மூண்டால் பெரிய நாடுகளும் இறங்கும், அணுகுண்டு வரைக்கும் போகும் என்று புந்தோங் காப்பிக் கடையிலேயே பேசிக்கொண்டார்கள்.

திங்கள்கிழமை காலை லாரியில் சைட்டுக்குப் போகும்போது எங்கள் ஆட்களுக்கு வேறு கவலை. சண்டை வந்தால் கொரியாக்காரர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், சைட்டை மூடிவிடுவார்கள், பிறகு நம் கதி என்ன என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். ஏற்கெனவே ஒரு தடவை, தோட்டத்தில், வேலையும் வீடும் ஒன்றாகப் போனதைப் பார்த்தவர்கள். பயப்பட்டதில் தப்பில்லை. அப்பா பேசாமல் வந்தார். கடைசியில் மட்டும், “முதல்ல அவனுங்க வீட்ல எல்லாம் நல்லா இருக்கட்டும் லா. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்,” என்றார்.

சைட்டில் தினமும் காலையில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக் கொரியர்கள் உடற்பயிற்சி செய்வார்கள். அன்று பாட்டு இல்லை. தங்கும் கொட்டகை வாசலில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். எல்லாருமே ராணுவத்தில் இருந்து வந்தவர்கள். கூப்பிட்டால் திரும்பவும் துப்பாக்கி எடுக்க வேண்டியவர்கள். நான் ஆபீசைத் திறந்தபோது அவர்களில் பாதிப் பேர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் தள்ளவில்லை. சத்தம் போடவில்லை. வீட்டு நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கொரிய மேனேஜர் உள்ளே வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம், லைனை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நியாயமான உத்தரவுதான். ஆனால் அந்த மனிதர்களின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் எழுந்து நின்று பேசினேன். ஈப்போ நிலையத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தலைமை அலுவலக அழைப்பு வந்தால் எங்கள் பேச்சை வெட்டி அதை முதலில் தருவார்கள், அதற்கு நான் பொறுப்பு என்றேன். அவர் என்னையே பார்த்தார். “உங்களுக்கும் அங்கே வீடு இருக்கிறதே சார், முதலில் நீங்கள் பேசுங்கள்,” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலையாட்கள் முதலில் பேசட்டும், தான் கடைசியில் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்போதெல்லாம் எங்கள் சைட்டிலிருந்து சியோலுக்கு நேராக எண்ணைச் சுழற்ற முடியாது. டிரங்க் கால்தான். நான் ஈப்போவைக் கூப்பிட வேண்டும். ஈப்போ கோலாலம்பூரைக் கூப்பிடும். கோலாலம்பூர் சியோலைப் பிடிக்கும். ஈப்போவில் அன்று இருந்தது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மலாய்க்கார அக்கா. விஷயத்தைச் சொன்னதும், ஒன்றும் கவலைப்படாதே, உன் நம்பர்களை ஒவ்வொன்றாகக் கொடு என்றார். கோலாலம்பூரில் இருந்தவர் ஒரு சீனப் பெண். முகம் தெரியாது. குரல் மட்டும் கணீரென்று இருக்கும். உலகத்தில் இருக்கும் கொரியர் எல்லாரும் அன்று வீட்டுக்குப் பேச நினைத்தார்களோ என்னவோ, லைன் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. ஆனாலும் அந்தக் குரல் ஒருதடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு லைனாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

மூன்று நிமிடம் பேசலாம் என்று அவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட மீறவில்லை. மனைவியின் குரலைக் கேட்டதும் பேச வராமல், தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு பாதி நேரத்தைக் கழித்தவரும் உண்டு. பேசி முடித்ததும் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் முன்னால் கைகட்டி நின்றே பழகிய குடும்பம் எங்களுடையது. வயதில் மூத்த ஆண்கள் எனக்கு முன்னால் குனிந்தபோது கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் மேனேஜரின் முறை வந்தபோது லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கிடைக்கவேயில்லை. பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, எனக்கு ஒரு டின் மைலோ பானத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

போர்மனுக்குத்தான் அன்று பேசவே முடியவில்லை. அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. தெருமுனையில் ஒரு மளிகைக் கடை நம்பர்தான் இருந்தது. சியோல் ஆபரேட்டர், எல்லைப் பக்கம் போகும் லைன்கள் எல்லாம் ராணுவத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது, பிறகு பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்று எழுந்து போனார். தலைக்கவசத்தை என் மேசையிலேயே மறந்துவிட்டார்.

மறுநாள் ஒரு பாலத் தூணுக்குக் கான்கிரீட் போடும் நாள். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது என்ற வேலை. தள்ளிப்போடலாமா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். வேண்டாம், வேலையிலேயே இருக்கிறேன் என்றாராம் போர்மன். நான் காலையிலிருந்து ஈப்போவைக் கூப்பிடுவதும், ஈப்போ கோலாலம்பூரைக் கூப்பிடுவதும், சியோல் இல்லை என்று சொல்வதுமாகவே பொழுது போனது.

நடுவில் அப்பா சிமெண்டுக் காலோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“கெடச்சுதாம்மா?” என்றார்.

இல்லை என்றேன்.

“காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல அந்த மனுஷன். வெள்ளக்காரன் கம்யூனிஸ்டுகளோட சண்ட போட்ட அவசரகாலத்துல தோட்டத்தச் சுத்தி முள்வேலி போட்டப்ப, எங்கப்பா வெளியூருக்குக் கூலிக்குப் போயிட்டாரு. உள்ள நாங்க இருக்கமா செத்தமான்னு அவருக்குத் தெரியாது. திரும்பி வந்தப்ப பாதி ஆளாத்தான் வந்தாரு. நீ விடாம அடி. கெடச்சா சங்க ஊது, நான் அவர அனுப்பி வைக்கிறேன்.”

சங்கு என்றது, சாப்பாட்டு நேரத்துக்கு ஊதும் மின்சாரச் சங்கை. அதன் பொத்தான் என் சுவருக்குப் பக்கத்தில் இருந்தது. நேரம் தப்பி ஊதினால் சைட்டில் விபத்து என்று அர்த்தம். மேனேஜரிடம் போய், நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் அது போர்மனுக்கு மட்டும்தான் என்று எல்லாருக்கும் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவரே கிளம்பிப் போய் ஒவ்வொரு கும்பலிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

மலைப்பக்கம் மழை கருத்துக்கொண்டு வந்த நேரத்தில் கோலாலம்பூர்க் குரல் என்னைக் கூப்பிட்டது. சியோல் வழி விட்டுவிட்டது, மணி அடிக்கிறது, கேள் என்றது. கேட்டேன். ரொம்பத் தூரத்தில், கிணற்றுக்குள் அடிப்பதுபோல ஒரு மணிச் சத்தம். யாரும் எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஊரே ஓடிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது ஒரு வயதான பெண் குரல், ‘யொபொசெயோ’ என்றது.

சியோல் ஆபரேட்டர் பேசுவதற்குள் நான் பேசிவிட்டேன். போர்மனின் மனைவி பெயரைச் சொன்னேன். மலேசியா என்றேன். அவருடைய பெயரைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த கொரியம் அத்தோடு முடிந்தது. அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. என்னவோ சத்தமாகச் சொன்னார். அதில் ‘சம்க்கன்மன்யோ’ மட்டும் எனக்குப் புரிந்தது. ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். செருப்புச் சத்தம் கேட்டது.

நான் சங்கை அழுத்திவிட்டேன்.

அங்கே தூணின்மேல் கான்கிரீட் பாதிதான் ஏறியிருந்தது. மழைக்குள் முடித்தாக வேண்டும். போர்மன் சங்கைக் கேட்டும் அசையவில்லையாம். கலவையைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், ஆபீசைப் பார்க்கிறார். அப்பா மேலே ஏறி அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, “போங்க போஸ். இது எங்க வேலையும்தான். நாங்க போட்டு முடிக்கிறோம்,” என்று மலாயில் சொல்லியிருக்கிறார். கும்பலில் இருந்த எல்லாரும், முதல் நாள் லாரியில் வேலை போய்விடும் என்று புலம்பிய அதே ஆட்கள், போ போ என்று கையைக் காட்டினார்களாம்.

இங்கே லைன் திறந்தே கிடந்தது. கடைக்குள் ஒரு பேருந்தின் ஹாரன் கேட்டது. யாரோ வந்து எதையோ விலை கேட்டுவிட்டுப் போனார்கள். பேசும் ஆள் இல்லாமல் லைனைப் பிடித்து வைக்கக் கூடாது, பின்னால் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்று சியோல் சொன்னது. கோலாலம்பூர்க் குரல் உடனே குறுக்கிட்டு, ஆள் வந்துகொண்டிருக்கிறார், நான் வெட்டமாட்டேன், நீயும் வெட்டாதே என்று ஆங்கிலத்தில் கறாராகச் சொன்னது. ஈப்போ அக்கா மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பெண்கள், நான்கு இடத்தில் இருந்துகொண்டு, ஒரு கடையின் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்தோம்.

போர்மன் பூட்சோடு படியேறி வந்து நின்றார். மூச்சு வாங்கியது. அதே நேரம் அந்தப் பக்கம் ரிசீவரை யாரோ எடுத்தார்கள். தாயை முந்திக்கொண்டு ஓடிவந்த ஒரு சிறு பெண்ணின் குரல்.

“அப்பா?”

கொரியர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு கணம், யாரோ எங்கள் லயத்துப் பிள்ளை பேசுகிறது என்றே நினைத்துவிட்டேன். ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது ஆபரேட்டருக்கு முதல் பாடம். வெளியே வந்து மழை தொடங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தூணின்மேல் அப்பா கையை ஆட்டி ஆட்டி ஆட்களை விரட்டுவது தெரிந்தது.

மனைவி அவரிடம் சொன்னதை அவர் அப்பாவிடம் சொல்லி, அப்பா எனக்குச் சொன்னார். மகனுக்கு லீவு ரத்தாகிவிட்டது, ஆனால் நன்றாக இருக்கிறான். ஊரை விட்டு யாரும் போகவில்லை. சந்தை கூடியிருக்கிறது. குளிர்காலத்துக்கு ஊறப்போடும் முட்டைக்கோசு இந்த வருடம் விலை மலிவு. நமக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் பீரங்கி நம்மைப் பார்த்துத்தான் நிற்கிறது, ஒவ்வொரு தடவையும் ஓடினால் எப்போது ஊறுகாய் போடுவது என்று கேட்டாளாம். நீங்கள் பாதியில் வராதீர்கள், பாலத்தை முடித்துவிட்டு வாருங்கள் என்றாளாம். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. ஆனால் துணிச்சல் என்று யாராவது பேசினால் எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வரும்.

போர்மன் திரும்பிப் போனபோது கடைசித் தொட்டிக் கலவை இறங்கிக்கொண்டிருந்ததாம். தார்ப்பாயை இழுத்து மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அவர் அப்பாவின் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து, கருவாட்டுச் சம்பல் போட்ட சோற்றை முழுவதையும் தின்று முடித்துவிட்டு, “அண்ணே, நல்ல காரம்,” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அப்பா அன்று பட்டினி. அதைச் சொல்லும்போதுகூடச் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

சண்டை வரவில்லை. எல்லையில் நின்ற படை நின்றபடியே நின்றது. பெரிய நாட்டுக்காரர்கள் பேசி ஆறப்போட்டார்கள். எங்கள் சைட்டை விட்டு ஒருவர்கூடப் பாதியில் போகவில்லை. சாலை முடிந்தது. நிறுவனம் எனக்கு நல்ல சான்றிதழ் கொடுத்தது. அதைக் கொண்டு நான் தொலைபேசி நிலையத்தில் நிரந்தர வேலைக்குப் போனேன். பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போனபோது, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைத் தேடிப் பிடித்தேன். நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்ன உருவம். இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். அதிலிருந்து தீபாவளிக்கு அவர் வருவார், சீனப் பெருநாளுக்கு நான் போவேன்.

போர்மன் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சேவை முடிந்து வெளியே வந்த மகனின் போட்டோவைக் காட்டினார். அம்மா அதை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா மட்டும் இந்தக் கதையை வேறு மாதிரித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். காப்பிக் கடையில், கல்யாண வீட்டில், சிலிம் ரிவரில் இருந்த சொந்தக்காரர்கள் வீட்டில், எங்கே நாலு பேர் கூடினாலும், “கொரியாவுல சண்டை வரப் பாத்துச்சு. எம் பொண்ணுதான் போன் அடிச்சுப் பேசி நிறுத்துனா,” என்பார். முதலில் நான் வெட்கப்பட்டுக் குறுக்கே பேசித் திருத்தினேன். ஒரு கல்யாணத்தில் என் மாமியார் வீட்டார் முன்னாலும் அப்படியே சொன்னார். அவர்களும் நம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.